இரைச்சலைத் தணிக்கும் கருவியும் ஓதலைக் கேட்கும் செவியும்



நெய்வேலி நகரியத்துக்கு முதன்முறையாக வருகின்ற உறவினர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள்: "எவ்வளவு அமைதியான ஊர்!" அகன்ற சாலைகளும், வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டப்பட்ட குடியிருப்புகளும், வீட்டுக்கு வீடு நிழல் தரும் மரங்களும் அவர்களை அப்படிச் சொல்ல வைக்கின்றன. இங்கேயே வாழ்கின்ற நமக்கு அந்த அமைதியின் அடியில் ஓடும் உறுமல் தெரியும். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். ஒரு வாளியில் 1,400 லிட்டர் கொள்ளும் சக்கர இயந்திரங்கள் மண்ணை அள்ளுகின்றன. கன்வேயர் பெல்ட்டுகள் அதைக் கொண்டு போகின்றன. அனல் மின் நிலையங்கள் உறங்குவதே இல்லை. காற்று வாக்கான இரவுகளில் வாசலில் நின்றால் இவையெல்லாம் சேர்ந்த ஒரே நீண்ட ஹூங்காரம் செவியில் விழும். பழகியவர்களுக்கு அது விழுவதும் இல்லை.

இரைச்சல் தணிக்கும் கம்பியில்லா ஹெட்போன்களைப் பற்றி எழுத வந்துவிட்டு ஊரின் ஓசையைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கருவி எதை நீக்கும், எதை நீக்காது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஊரைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை.

நமக்கு இது தேவைப்பட்ட கதை எளியது. தம்பி சுரங்கத்தில் ஷிப்டு முறையில் பணிபுரிகிறார். இரவுப் பணி முடிந்து வந்தால் பகலில்தான் உறக்கம். அத்தா அவர்கள் பணி ஓய்வு பெற்று ஆண்டுகள் பல ஆகின்றன; ஃபஜ்ருக்குப் பின் போனில் கிராஅத்தை ஓடவிட்டுக் கேட்பது அவர்களின் நீண்ட நாள் வழக்கம். மகள் மாலையில் இணைய வழியாக லால்பேட்டையில் ஓதிய ஹஜ்ரத் ஒருவரிடம் தஜ்வீத் படிக்கிறாள். அம்மா சமையலறையில் பயான் கேட்பார்கள். இரண்டு படுக்கையறை குவார்ட்டர்ஸில் இத்தனை குரல்களும் ஒரே நேரத்தில் எழுந்தால் உறங்குகிறவர் என்ன செய்வார்? இஃதிகாஃபில் இருந்த நபி (ஸல்) அவர்கள், தோழர்கள் உரக்க ஓதுவதைக் கேட்டு, ஓதுவதில்கூட ஒருவர் மற்றவருக்கு இடையூறாகக் குரலை உயர்த்த வேண்டாம் என்று அறிவுறுத்திய செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. போனின் ஸ்பீக்கரைத் திறந்துவைத்து வீடு முழுக்கக் கேட்கச் செய்வது பரக்கத் என்று நினைக்கும் நம்மவர்கள் இந்த ஹதீஸைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

ஆகவே ஹெட்போன் வாங்குவது என்று முடிவாயிற்று. எந்த வகை, எவ்வளவு விலையில் என்பதுதான் கேள்வி. மைத்துனர் சவூதியிலிருந்து கொண்டுவந்த காதை முழுவதும் மூடும் வகை ஒன்று. மூவாயிரம் ரூபாய்க்குள் நாமே வாங்கிய, காதுக்குள் செருகும் வகை ஒன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இரவலாகப் பெற்ற ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வகை ஒன்று. இம்மூன்றையும் ஏறத்தாழ ஒரு மாதம் வீட்டில் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்தோம். நம்முடைய சோதனையில் கண்ட குறைகளைச் சொல்லும்போது அவற்றின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஒரு வீட்டின் அனுபவத்தை வைத்து ஒரு நிறுவனத்தின் மேல் தீர்ப்பெழுதுவது நீதியாகாது.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒலி என்பது காற்றில் எழும் அலை; மேடும் பள்ளமும் மாறி மாறி வருவது. வெளியிலிருந்து மேடு வரும் அதே கணத்தில் அதே அளவு பள்ளத்தை நாம் உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். கருவியின் மேல் உள்ள சிறிய மைக் வெளி ஓசையைக் கேட்கிறது. உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேர் எதிரான அலையைக் கணக்கிடுகிறது. ஸ்பீக்கர் அதை வெளியிடுகிறது. இந்தக் கருத்துக்கு ஜெர்மானியர் பவுல் லூக் 1936இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார். அதைத் தலையில் மாட்டும் கருவியாக்கும் முயற்சியில் முன்னின்றவர் அமர் போஸ். பிரிட்டிஷாரை எதிர்த்ததால் வங்கத்தை விட்டு அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்ற நோனி கோபால் போஸின் மகன் அவர். 1978இல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் சரியாகக் கேட்காமல், அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினாராம். விமானிகளுக்கான கருவி 1989இல்தான் விற்பனைக்கு வந்தது, பொதுமக்களுக்கானது 2000இல். இன்று மூவாயிரம் ரூபாய்க்கு அதே கருத்து நம் சட்டைப் பையில் கிடக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

எதிர் அலையைக் கணக்கிட்டு வெளியிடச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதுதான் இதில் உள்ள நுட்பமான எல்லை. மெதுவாக எழுந்து விழும் தாழ்ந்த ஒலிக்கு அந்தத் தாமதம் பொருட்டில்லை. வேகமாக அடுத்தடுத்து வரும் கூர்மையான ஒலிக்கு எதிர் அலை வந்து சேர்வதற்குள் மேடு பள்ளமாகிவிடும். அதனால் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள, ஒரே சீராக நீடிக்கும் ஓசைகளையே இது நன்கு விழுங்கும். அதற்கு மேலுள்ளவற்றைத் தடுப்பது காதை அடைக்கும் பஞ்சும் ரப்பரும்தான். மின்னணுவுக்கு அதில் பங்கு குறைவு.

நம் ஊரோடு ஒப்பிட்டால் இது உடனே விளங்கும். இந்தியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் அனல் மின் நிலையத்தின் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் எழுகிறது. இரைச்சல் தணிப்புக்கு இதைவிட வாகான இரை கிடையாது. வீட்டில் மின்விசிறி, ஏர்கூலர், தெருவில் நிற்கும் லாரி ஆகியவையும் அந்த வகைதான். சென்னைக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பேருந்தில் போகும்போது எஞ்சினின் முழக்கம் பாதிக்கு மேல் காணாமற் போவதை மூவாயிரம் ரூபாய்க் கருவியிலேயே கண்டோம். ஆனால் மிக்ஸியின் கீச்சொலி, குக்கர் விசில், குழந்தையின் அழுகை, பக்கத்து அறைப் பேச்சு ஆகியவை குறைந்தன, மறையவில்லை. அது குறையாகத் தோன்றலாம். நம் பார்வையில் நன்மை. பாங்கோசையும் மனிதக் குரலாதலால், ஜன்னல் திறந்திருந்து ஓடவிட்டிருப்பதன் ஒலியளவும் அடக்கமாக இருந்தால், இரைச்சல் தணிப்பு இயங்கும்போதும் பெரும்பாலும் காதில் விழுகிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறோம். காதை மூடும் வகையை மாட்டிக்கொண்டு உரக்கக் கேட்டிருந்தவருக்கு ஒரு நாள் அஸர் பாங்கு கேட்கவே இல்லை.

இனி, கடைக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டிய ஒரு சொல் விவகாரம். பெட்டியின் மேல் 'ஏஎன்சி' என்றும் 'ஈஎன்சி' என்றும் இரண்டு சொற்கள் இருக்கும். முன்னது நாம் இதுவரை விளக்கியது. காதுக்கு வரும் இரைச்சலைத் தணிப்பது. பின்னது நாம் பேசும்போது நம் குரலோடு கலந்து போகும் சுற்றுப்புற இரைச்சலை வடிகட்டி, மறுமுனையில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கச் செய்வது. நம் காதில் விழும் பேருந்து இரைச்சலை அது ஒரு துளியும் குறைக்காது. ஆயிரம் ரூபாயை ஒட்டிய கருவிகளில் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருப்பது 'ஈஎன்சி'தான். இரவல் வாங்கிய கருவியும் அந்த வகையே. "நாய்ஸ் கேன்சலேஷன் என்று போட்டிருக்கிறதே!" என்று அந்தப் பிள்ளை பெட்டியைக் கொண்டுவந்து காட்டினான். பொய்யில்லை, ஆனால் வாங்குகிறவர் நினைக்கும் பொருளும் அதில் இல்லை. அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்று மார்க்கம் வலியுறுத்துவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பெட்டி மேல் அச்சிடும் எழுத்துக்கும் அந்த அளவை பொருந்தும் என்றே தோன்றுகிறது.

அடுத்தது '25 டெசிபல் வரை', '45 டெசிபல் வரை' என்னும் எண்கள். 20 டெசிபல் குறைந்தால் ஒலியழுத்தம் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள்; சிறிய எண்ணே பெரிய மாற்றம்தான். ஆனால் 'வரை' என்ற சொல்லைக் கூர்ந்து படிக்க வேண்டும். ஏதோ ஒரு தாழ்ந்த அதிர்வெண்ணில், சோதனைச் சாலையில், மிக அதிகமாகக் கிடைத்த அளவு அது. எல்லா ஓசையும் அவ்வளவு குறையும் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பிளஸ் நார்ட் பட்ஸ் 2 தனக்கு 25 டெசிபல் வரை என்று சொல்லிக்கொள்கிறது. சிஎம்எஃப் பட்ஸ் புரோ 45 வரை என்கிறது. எண் பெரிதாக இருப்பது நல்லதுதான். ஆனால் காதில் சரியாகப் பொருந்தாத 45ஐ விட நன்றாகப் பொருந்திய 25 மேல். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் முனைகள் வருகின்றன. பலர் முதலில் மாட்டியிருப்பதையே கடைசி வரை மாற்றுவதில்லை. அம்மாவுக்குச் சிறிய முனையை மாற்றிய அன்றுதான் ஏர்கூலர் ஓசை அடங்கியது.

பேட்டரியில் இரண்டு எண்கள் உண்டு. இரைச்சல் தணிப்பை இயக்கினால் ஒன்று, நிறுத்தினால் மற்றொன்று. விளம்பரத்தில் பெரியது மட்டும் தெரியும். சோனியின் டபிள்யூஎச்-சிஎச்720என் இயக்கினால் 35 மணி, நிறுத்தினால் 50 மணி. சவுண்ட்கோர் லைஃப் கியூ30 முறையே 40, 60 என்கின்றன நிறுவனங்கள். சோனியின் அந்தக் கருவியின் எடை 192 கிராம். காதை மூடும் வகையில் அது இலேசானது. முதியவர்களுக்கு வாங்குவோர் பேட்டரியைவிட எடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒலியின் தரத்தை எதை வைத்து அளப்பது? இணையத்தில் விமர்சிப்பவர்கள் எல்லாரும் இசையை வைத்தே அளக்கிறார்கள். அதிலும் 'பாஸ்' எவ்வளவு அதிர்கிறது என்பதே பெரும் பேச்சு. இசையைக் கேட்பது பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கு அது நம் பொருளன்று. நம் வீட்டில் தொண்ணூறு விழுக்காடு கேட்கப்படுவது மனிதக் குரல். ஆகையால் நாம் வேறொரு உரைகல்லை எடுத்தோம்.

தமிழில் 'நஸ்ர்' என்று ஒரே விதமாகத்தான் எழுத முடியும். ஸூரா அந்நஸ்ரில் வருவது ஸாத் எழுத்து, பொருள் உதவி. ஸூரா நூஹில் வருவது ஸீன் எழுத்து; அது அந்தச் சமூகத்தார் வணங்கிய ஒரு சிலையின் பெயர். அதுபோலவே 'இஸ்ம்' என்பது ஸீனோடு வந்தால் பெயர். நாக்கின் நுனி பல்லைத் தொடும் ஸே எழுத்தோடு வந்தால் பாவம். தமிழ் நாவுக்கு இந்த வேறுபாடு பிறப்பில் வருவதில்லை. காதால் கேட்டுக் கேட்டுத்தான் வர வேண்டும். இந்த எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் காற்றொலி பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸையும் அதற்கு மேலும் சார்ந்தது. 'பாஸ்' மிகுந்த கருவியில் தாழ்ந்த ஒலி வீங்கி, இந்த மெல்லிய காற்றொலி அதற்குள் அமிழ்ந்துவிடும். ஷைக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் நிதானமான ஓதலை எடுத்துக்கொண்டோம். குர்ஆன் முழுவதையும் தர்தீலாக ஓதிய முதல் ஒலிப்பதிவு 1961இல் எகிப்தில் அவர்கள் குரலில் வெளியானதே. அவர்கள் ஓதலில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே நிற்கும். கண்ணை மூடிக் கேட்டு, ஸீனா, ஸாதா, ஸேயா என்று மகளைச் சொல்லச் சொன்னோம்.

முடிவு வியப்பாக இருந்தது. காதை மூடும் வகையில் எல்லாவற்றையும் பிரித்துச் சொன்னாள். மூவாயிரம் ரூபாய்க் கருவியில், வாங்கிய நிலையிலேயே கேட்டபோது ஸேயும் ஸீனும் அடிக்கடி குழம்பின. அதன் செயலியில் ஈக்வலைசரைத் திறந்து தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைச் சற்றே ஏற்றியதும் தெளிவாகிவிட்டது. ஏழாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் பெரும் பகுதியை இரண்டு நிமிட வேலை ஈடுகட்டியது. ஆகவே நம் போன்றோர் வாங்கும் கருவிக்கு ஈக்வலைசர் உள்ள செயலி கட்டாயம் வேண்டும். உயர்தரக் கோடெக் என்று விளம்பரப்படுத்தும் எல்டாக் முதலியவற்றுக்காகக் கூடுதலாகக் கொடுப்பது, குரலைக் கேட்பவர்களுக்கு அவ்வளவாகப் பயன் தராது.

ஆயினும் அதே நாள் மாலை, அதே கருவியோடு, ஹஜ்ரத்தின் வகுப்பில் அமர்ந்த மகள், "ஹஜ்ரத் சொல்றது ரெண்டும் ஒண்ணு மாதிரியே கேக்குது" என்றாள். ஹஜ்ரத்துக்கோ இவள் ஓதியதில் ஸே கேட்கவில்லை. திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். பிள்ளை கண்கலங்கிவிட்டாள். இரண்டு வாரமாக இதே தொல்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. தன் நாவில்தான் குறை என்று அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

காரணம் இதுதான். புளூடூத் கருவி கேட்பதற்கு மட்டும் பயன்படும்போது ஒரு வழியில் இயங்குகிறது; அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கியவுடன், அதாவது அழைப்பிலோ இணைய வகுப்பிலோ, இரு திசையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால் தரம் குறைந்த வேறொரு வழிக்கு மாறிவிடுகிறது. பழைய முறையில் அந்த வழி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைக் கடத்துவதே இல்லை. சற்றுப் புதிய முறையில் 8,000 வரை. எழுத்தைப் பிரிக்கும் காற்றொலி எங்கே வாழ்கிறதோ அந்த இடத்தையே வெட்டி எறிந்துவிடுகிறது. போகும் திசையிலும் அப்படியே. போதாக்குறைக்கு, மறுமுனைக்கு இரைச்சல் போகாமல் வடிகட்டும் 'ஈஎன்சி', ஸே எழுத்தின் மெல்லிய காற்றையும் இரைச்சல் என்றெண்ணிச் சீவிவிடக் கூடும்.

தீர்வுக்குச் செலவில்லை. லேப்டாப்பில் வகுப்பு நடந்தால், ஒலிவாங்கியாக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்து, கேட்பதற்கு மட்டும் ஹெட்போனை வைத்துக்கொள்ளலாம். போனில் நடந்தால் மைக் உள்ள சாதாரணக் கம்பி இயர்போனே சிறந்தது. நாம் அன்றே கம்பிக்கு மாறினோம். வகுப்புச் செயலியில் இரைச்சல் வடிகட்டும் அமைப்பு இருந்தால் அதையும் குறைத்துவிடுங்கள். மறுநாள் ஹஜ்ரத் கேட்டது ஒன்றுதான்: "இன்னிக்கு நாக்கு திரும்பிடுச்சே, மாஷா அல்லாஹ்!" நாக்கு நேற்றும் திரும்பித்தான் இருந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இணையத்தில் ஓதுகிறார்கள் என்றால், அவர்களைக் கடிந்துகொள்ளும் முன் ஒரு முறை கம்பியில் கேட்டுப் பாருங்கள்.

பெண்களுக்கு வேறொரு சங்கடம் உண்டு. விமர்சனங்களில் அதை யாரும் எழுதக் காணோம். காதை மூடும் வகையை ஹிஜாபின் மேல் மாட்டினால் துணியின் வழியே காற்று கசிந்து இரைச்சல் தணிப்பு பாதியாகிவிடுகிறது. துணிக்குள் மாட்டினால் சிறிது நேரத்திலேயே காது வெந்துவிடுகிறது. நம் ஊர்க் கோடையைச் சொல்ல வேண்டியதில்லை. காதுக்குள் செருகும் வகையே பொருத்தம். ஆனால் துணி வெளி மைக்கில் உரசும்போது அந்தச் சரசரப்பைக் கருவி இரைச்சல் என்று கொண்டு பெரிதாக்குவதும் உண்டு. வெளியே போகும்போது இரைச்சல் தணிப்பை நிறுத்திவிட்டால் அது அடங்கும். கண்ணாடி அணிவோருக்கும் இதே கதை; கண்ணாடிக் கம்பி மெத்தைக்கு அடியில் சந்து உண்டாக்கும். மெத்தையின் மேலுள்ள செயற்கைத் தோல் வியர்வையில் உரிந்து போகும் பொருள். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது நன்று.

காதிலிருந்து எடுத்தால் தானாக நின்றுவிடும் உணரி சில கருவிகளில் இருக்கிறது. சொகுசு என்று நினைத்தோம். கிராஅத் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் அழைக்கிறார், அல்லது ஒளுச் செய்ய எழ வேண்டியிருக்கிறது. காதிலிருந்து எடுத்த மாத்திரத்தில் ஓதல் நிற்பது அதபுக்கும் உகந்ததாயிற்று. அரபியில் காதில் விழுவதற்கு ஸமாஃ என்றும், மனம் கொடுத்துக் கேட்பதற்கு இஸ்திமாஃ என்றும் வேறு சொற்கள் உண்டு. ஓதப்படும்போது நம்மிடம் வேண்டப்படுவது இரண்டாவது. நாள் முழுவதும் காதில் எதையோ ஓடவிட்டு, எதையுமே கேட்காமல் திரிவதற்கு இந்தக் கருவி நல்ல வசதி செய்து கொடுக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வண்டி ஓட்டும்போது கூடாது. நடைப்பயிற்சியிலும் வெளி ஓசையை உள்ளே விடும் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நகரியத்துச் சாலைகள் காலியாகத் தெரிவதே ஆபத்து. சுரங்கத்திலோ ஆலையிலோ பணிபுரியும் இளைஞர்கள் சிலர், "இதுவே இரைச்சலைத் தடுக்கிறதே, பாதுகாப்புக் காதுமூடி எதற்கு?" என்று கேட்கிறார்கள். இது பாதுகாப்புச் சாதனமாகச் சோதித்துச் சான்று பெற்றதன்று. உலோகம் மோதும் கூர்மையான ஓசையை இது தடுக்காது. ஓடிக்கொண்டிருக்கும் பேச்சில் எச்சரிக்கை ஒலி அமிழ்ந்தும் போகும். இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபலை வரம்பாகக் கொள்கின்றன. அந்த இடத்துக்கு அங்கே கொடுக்கும் காதுமூடிதான்.

அத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். சோவியத் ஒத்துழைப்போடு 1962இல் மின்னுற்பத்தியைத் தொடங்கி 2020இல் மூடப்பட்ட முதல் அனல் மின் நிலையத்தின் டர்பைன் கூடத்தில் அவர்கள் பணிக்காலத்தின் பெரும் பகுதி கழிந்தது. அந்நாளில் காதில் பஞ்சைச் செருகிக்கொண்டு போனவர்களே மிகுதி என்பார்கள். காதை மூடும் ஹெட்போனை அவர்களுக்கு மாட்டிவிட்டு, நல்ல தெளிவாகக் கேட்கிறதா என்று கேட்டோம். "ராகம் கேக்குது, எழுத்து கேக்கல" என்றார்கள். ஒலியை ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினோம். இன்னும் ஏற்றச் சொன்னார்கள். அறைக்கு வெளியே நின்ற நமக்கே ஓதல் கேட்டது.

நீண்ட கால இரைச்சல் செவியில் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. உயிரெழுத்தும் ராகமும் தாழ்ந்த பகுதியில் இருப்பதால் அவை பிழைத்துக்கொள்கின்றன. ஸீனும் ஷீனும் ஃபேயும் போய்விடுகின்றன. ஓதத் தெரிந்தவர்கள் ஆதலால் விடுபட்ட எழுத்தை நெஞ்சிலிருந்து நிரப்பிக்கொண்டு, இத்தனை ஆண்டும் கேட்பதாகவே எண்ணியிருக்கிறார்கள். நம் பேச்சுக்கு அவர்கள் பொருந்தாத பதில் சொன்னதெல்லாம் வயதின் மறதி என்றே வீட்டில் பேசிக்கொண்டோம்.

எந்த விலைக் ஹெட்போனும் இதற்கு மருந்தன்று. ஒலியை ஏற்றினால் எஞ்சியிருப்பதும் போகும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்றும், பிள்ளைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல் என்றும் வரம்பு சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாக வேண்டும்: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி. இரைச்சல் தணிப்பின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. பேருந்தில் சாதாரண இயர்போன் போட்டவர் எஞ்சினை மீறிக் கேட்க ஒலியை உயர்த்துகிறார். இரைச்சல் தணிந்தால் பாதி ஒலியே போதும். தம்பிக்கும் மகளுக்கும் இது வாங்கத் தகுந்தது என்று நாம் முடிவு செய்ததற்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. மகளின் போனில் ஒலி வரம்பைப் பூட்டிவைத்திருக்கிறோம்.

அத்தாவை மறுவாரமே செவிப் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். தாளில் வரைந்து கொடுத்த கோடு, தாழ்ந்த ஒலிகளில் ஓரளவு மேலேயே ஓடி, 4,000ஐ நெருங்கும் இடத்தில் கிணற்றில் இறங்குவது போல இறங்கியது. காது கேட்கும் கருவியைப் பொருத்தி ஏழு வாரங்கள் ஆகின்றன. ஹெட்போனுக்கென்று ஒதுக்கியிருந்த பத்தாயிரத்தோடு இன்னும் சேர்க்க வேண்டியிருந்தது. காதை மூடும் வகை வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, தம்பிக்கு மட்டும் மூவாயிரத்துக்குள் இன்னொன்று வாங்கினோம். முதல் சில நாள்கள் தட்டு வைக்கும் ஓசையும் காகிதம் கசங்கும் ஓசையும் அத்தாவுக்குப் பொறுக்க முடியவில்லை. "இந்த வீட்ல இவ்வளவு சத்தமா?" என்று சலித்துக்கொண்டார்கள். இப்போது ஃபஜ்ருக்குப் பின் மகள் அவர்கள் முன்னால் உட்கார்ந்து ஓதுகிறாள். ஸேயை ஸீனாக்கினால் அத்தா கையை உயர்த்தி நிறுத்துகிறார்கள்.